இடைமுகம் அழிந்தபின் எஞ்சி நிற்கும் நினைவகம்

ஒவ்வொரு கன்டெய்னரும் தொடங்கும்போது ஒரு வீ-ஈத் ஜோடி தோன்றி அது முடியும்போது மறைவதும், பிராட்பேண்ட் சந்தாதாரர் இணைப்பில் வரும்போது ஒரு பிபிபி இடைமுகம் பிறந்து இணைப்பு அறும்போது ஒழிவதும், விபிஎன் வாயில்களில் டன் இடைமுகங்கள் நாள் முழுவதும் வந்து போய்க்கொண்டிருப்பதும் சர்வசாதாரணமாகிவிட்ட லினக்ஸ் இயந்திரங்களில், நிர்வாகி எதிர்கொள்ளும் தொல்லைகளுள் மிக மெதுவாக வளர்ந்து மிகத் திடீரென்று வெளிப்படுவது நினைவகக் கசிவாகும். வாரக்கணக்கில் எவ்விதச் சலனமுமின்றி ஓடிய இயந்திரத்தில் ஒரு நாள் நினைவகம் முற்றிலும் தீர்ந்துபோக, கெர்னலிலுள்ள ஓஓஎம் கில்லர் என்னும் ஏற்பாடு விழித்தெழுந்து, அளவில் பெரியது என்ற காரணத்தினாலேயே யாதொரு குற்றமும் செய்யாத டேட்டாபேஸ் நிரலைப் பலிகொண்டுவிடுகிறது. பார்ப்பவருடைய கவனமெல்லாம் மாண்டுபோன டேட்டாபேஸின்மீது செல்லுமேயன்றி, நாளொன்றுக்குப் பல்லாயிரம் முறை பிறந்து மடிந்து, ஒவ்வொரு முறையும் சில நூறு பைட்டுகளை விட்டுச்சென்ற இடைமுகங்களின்மீது செல்வதில்லை.

நினைவகம் குறைகிறது என்று கண்டவுடனேயே கெர்னலில் கசிவு இருக்கிறதென்று முடிவு கட்டிவிடுவது இத்துறையில் பரவியிருக்கும் ஒரு வழக்கம். அவ்வழக்கத்தைக் கைவிட்டு, குறைந்துபோன நினைவகத்தை இந்தக் கணத்தில் யார் பிடித்திருக்கிறார் என்ற ஒரே வினாவைத் தொடர்ந்து கேட்கும்படி வாசகரைத் தூண்டுவதே இவ்வத்தியாயத்தின் நோக்கம். பெரும்பாலான சந்தர்ப்பங்களில் அந்த நினைவகம் தொலைந்துபோனதாக இராது. இடைமுகம் மறைந்த செய்தி வந்து சேராத ஒரு நிரலோ, செய்தி வந்தும் தன் பங்கைச் செய்யாத கெர்னல் பகுதியோ, கேட்டால் திருப்பிக் கொடுப்பதற்குச் சித்தமாக வைத்துக்கொண்டிருக்கும் ஒரு சேமிப்போ அதைத் தன்வசம் வைத்திருக்கும். இம்மூன்றுக்கும் பரிகாரம் வெவ்வேறு என்பதால், நோயை அறியுமுன் மருந்து தேடுவது வீண்வேலை.

முதலில், ஓர் இடைமுகம் பிறக்கும்போது என்னென்ன ஒதுக்கப்படுகின்றன என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். ‘ஐபி லிங்க் ஆட்’ என்ற ஒரே கட்டளையின் பயனாகக் கெர்னலில் நெட் டிவைஸ் என்னும் பெரிய அமைப்பும், அதனோடு ஒட்டிய டிரைவரின் சொந்தப் பகுதியும், அனுப்பும் வரிசைகளும் பெறும் வரிசைகளும், ஒவ்வொரு சிபியுவுக்கும் தனித்தனியான கணக்கு எண்களும் உண்டாகின்றன. ஐபிவி4, ஐபிவி6 என்ற இரு நெறிமுறைகளும் தத்தமக்குரிய அமைப்பு ஒன்றை அந்த இடைமுகத்தின் பெயரில் வைத்துக்கொள்கின்றன. சிஸ்எஃப்எஸ்ஸில் ஓர் அடைவும் அதனுள் பல கோப்புகளும், ப்ராக்கின் சிஸ் பிரிவில் நெறிமுறைக்கு ஒன்றாக அமைப்புக் கோப்புகளும் தோன்றுகின்றன. இடைமுகத்தை மேலே எழுப்பியதும் க்யூடிஸ்க் இணைக்கப்படுகிறது. ஐபிவி6 தானாகவே உள்ளூர் முகவரி ஒன்றைப் படைத்து, மல்டிகாஸ்ட் குழுக்களில் சேர்ந்து, அதே முகவரி வேறெங்கேனும் உண்டா என்று விசாரிக்கும் ஒரு டைமரையும் ஓட விடுகிறது. இவற்றையெல்லாம் கெர்னல் நெட்லிங்க் வழியாக வெளியுலகுக்கு அறிவிக்க, யூடெவ் முதலாகக் கண்காணிப்பு நிரல்கள் ஈறாகப் பலரும் அச்செய்தியைக் கேட்டுத் தம் ஏடுகளில் குறித்துக்கொள்கின்றனர். ஆகவே ஓர் இடைமுகத்தின் நினைவகம் என்று நாம் சொல்வது ஓரிடத்தில் உள்ள ஒரு பொருளன்று. பலருடைய பொறுப்பில் சிதறிக் கிடக்கும் ஒரு தொகுதி.

அழியும்போது இத்தொகுதி ஒரே நொடியில் கலைவதில்லை. பதிவு நீக்கப்பட்டவுடன் கெர்னலின் எல்லாப் பகுதிகளுக்கும் அறிவிப்பு செல்கிறது. அவை தத்தம் பிடிப்பை விட வேண்டும். அதே கணத்தில் இந்த இடைமுகத்தின் வழியே ஒரு பாக்கெட்டைக் கொண்டு செல்லும் சிபியு ஒன்று இருக்கக்கூடுமாகையால், ஆர்சியு என்னும் முறைப்படி எல்லாச் சிபியுக்களும் பழைய தகவலைப் பார்த்து முடித்துவிட்டன என்று உறுதியாகும்வரை விடுவிப்பு ஒத்திவைக்கப்படுகிறது. பின்னர் பிடிப்பு எண்ணிக்கை உரிய நிலைக்கு இறங்கும்வரை காத்திருந்து, கடைசியிலேதான் நினைவகம் திரும்பக் கொடுக்கப்படுகிறது. நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் முழுவதையும் அழித்தாலோ, அவ்வேலை பின்னணியிலுள்ள ஒரு பணிவரிசைக்கு ஒப்படைக்கப்பட்டு, கட்டளை உடனே முடிந்தாலும் உண்மையான அழிவு பின்னர் நிதானமாக நடைபெறும். படைக்கும் வேகம் கலைக்கும் வேகத்தை மிஞ்சினால், காத்திருக்கும் பிணங்கள் குவிந்து நினைவகம் ஏறிக்கொண்டே போகும். படைப்பதை நிறுத்திச் சற்றுப் பொறுத்தால் அது தானே இறங்கிவிடும். கசிவு என்று புகாரிடப்படும் விஷயங்களில் இத்தகைய தேக்கத்திற்கு ஒரு கணிசமான இடமுண்டு.

ஆராய்ச்சிக்கு உற்பத்தியில் உள்ள இயந்திரம் தகாது. அதே கெர்னலை ஓட்டும் வேறோர் இயந்திரத்தை, மெய்நிகர் இயந்திரமாயினும் சரி, எடுத்துக்கொண்டு, முடிந்த அளவு எளிய ஒரு சுழற்சியை அமைக்க வேண்டும். டம்மி வகை இடைமுகத்திற்கு எதிர்முனையும் இல்லை, வெளியுலகத் தொடர்பும் இல்லை என்பதால் அதிலிருந்து தொடங்குவது நல்லது. ‘ஐபி லிங்க் ஆட் டம்மி9 டைப் டம்மி’, ‘ஐபி லிங்க் செட் டம்மி9 அப்’, ‘ஐபி லிங்க் டெல் டம்மி9’ என்ற மூன்று கட்டளைகளும் சேர்ந்தது ஒரு சுழற்சி. இவற்றை ஷெல்லில் ஒவ்வொன்றாக ஓட்டினால் சுழற்சிக்கு மூன்று புரோசஸ்கள் பிறந்து இறக்கும் ஆரவாரமும் அளவுகளில் கலந்துவிடுமாகையால், கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி ஐபி நிரலின் ‘-பேட்ச்’ விருப்பத்தின் மூலம் ஒரே மூச்சில் கொடுப்பது சிறந்தது.

முதல் சில ஆயிரம் சுழற்சிகளில் காணும் ஏற்றத்தைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. அப்போதுதான் சேமிப்புகள் நிரம்புகின்றன, அட்டவணைகள் விரிகின்றன, மாட்யூல்கள் ஏறுகின்றன. அது வளர்ச்சியே தவிரக் கசிவன்று. அதன்பின் பத்தாயிரம் சுழற்சிகளுக்கு ஒருமுறை ஓட்டத்தை நிறுத்தி, ‘யூடெவ்அட்ம் செட்டில்’ கொடுத்து நிகழ்ச்சி வரிசை காலியாகும்வரை பொறுத்து, மேலும் அரை நிமிடம் இயந்திரத்தைச் சும்மா விட்டு, அதன் பிறகே எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். இப்படிக் குறித்த எண்கள் ஓரளவு ஏறிச் சமதளமாக நின்றுவிட்டால் கவலைக்கு இடமில்லை. தொய்வில்லாமல் ஒரே சாய்வில் ஏறிக்கொண்டே போனால்தான் கசிவு. அச்சாய்வே, அதாவது ஒரு சுழற்சிக்கு எத்தனை பைட்டு என்ற அளவே, இனிமேல் நம்முடைய எல்லா அனுமானங்களுக்கும் ஆதாரம். இதை அற்பமென்று எண்ணிவிடலாகாது. சுழற்சிக்கு 2 கிலோபைட் கசிந்து, நாளொன்றுக்கு 50,000 சுழற்சிகள் நடக்கும் வாயிலில் தினமும் ஏறத்தாழ 100 மெகாபைட் போகும். 8 ஜிகாபைட் நினைவகம் உள்ள இயந்திரம் மூன்று மாதம் தாங்காது.

சாய்வு கிடைத்தபின், ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றிச் சுழற்சியை மறுபடி ஓட்ட வேண்டும். இடைமுகத்தை மேலே எழுப்பாமலே படைத்து அழித்தால் கசிவு நின்றுவிடுகிறதா? ஐபிவி6-ஐ முடக்கினால்? டம்மிக்குப் பதில் வீ-ஈத் ஜோடியை, அதிலும் ஒரு முனையை வேறு நேம்ஸ்பேஸுக்கு அனுப்பி ஓட்டினால்? பிரிட்ஜில் சேர்த்து அழித்தால்? முகவரி இட்டால்? யூடெவ்வையும் கண்காணிப்பு நிரலையும் நிறுத்தி வைத்தால்? கெர்னலின் மூல நிரலைத் திறந்து பார்க்காமலேயே, எந்தப் பகுதி குற்றவாளி என்பதை இவ்வினாக்களின் விடைகள் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். எழுப்பினால்தான் கசிகிறது, ஐபிவி6 இல்லையேல் கசிவதில்லை என்றால், முகவரி விசாரணை முடியுமுன் இடைமுகம் அழிக்கப்படும் பாதையை முதலில் சந்தேகிக்க வேண்டும். கன்டெய்னர்களை வைத்தே சோதிக்க நேர்ந்தால் இன்னொரு எச்சரிக்கை தேவை: கன்டெய்னர் ஒவ்வொன்றும் ஒரு சிகுரூப்பையும் படைக்கிறது, அழிக்கப்பட்ட சிகுரூப் தன் கணக்கில் எழுதப்பட்ட நினைவகப் பக்கங்கள் எஞ்சியிருக்கும்வரை முற்றிலும் மறைவதில்லை. சிகுரூப் ஸ்டாட் கோப்பிலுள்ள ‘என்ஆர் டையிங் டிசென்டன்ட்ஸ்’ என்ற எண் பெரிதாக இருந்தால், வலையின்மீது பழி சுமத்துவதற்குமுன் அதனை விசாரிக்க வேண்டும்.

அடுத்து, ப்ராக்கிலுள்ள மெம்இன்ஃபோ கோப்பைப் படிக்கும் முறை. மெம்ஃப்ரீ என்ற வரியை மட்டும் பார்த்துப் பதறுவோர் பலர். கெர்னல் காலியான நினைவகத்தைச் சேமிப்புகளுக்குப் பயன்படுத்திக்கொள்வது இயல்பாதலால் அவ்வரி குறைவது எதையும் நிரூபிக்காது. ஏனான்பேஜஸ் ஏறினால் கெர்னலை விட்டுவிட்டுப் பயனர் நிரல்களைத் தேட வேண்டும். எஸ்ரீக்ளெய்மபிள் ஏறினால் திருப்பிப் பெறக்கூடிய சேமிப்பு; எஸ்அன்ரீக்ளெய்ம் ஏறினால் கெர்னலின் பொருள்கள் உண்மையாகவே பிடிபட்டிருக்கின்றன. பெர்சிபியு என்ற வரியைப் பலர் கவனிப்பதே இல்லை. இடைமுகத்தின் கணக்கு எண்கள் சிபியுதோறும் ஒதுக்கப்படுவதால், ஒரு சிபியுவில் 32 பைட்டாக இருப்பது 64 சிபியுக்கள் உள்ள இயந்திரத்தில் 2 கிலோபைட் ஆகிவிடும். சிறிய சோதனை இயந்திரத்தில் கண்ணுக்கே தென்படாத கசிவு பெரிய இயந்திரத்தில் பூதாகாரமாவதற்கு இதுவே காரணம். பெர்சிபியு நினைவகம் பெரும் துண்டுகளாக ஒதுக்கப்பட்டு, ஒரு துண்டு முழுவதும் காலியானாலன்றித் திரும்பாது என்பதையும் நினைவிற் கொண்டு, அவ்வரி சமதளமடைகிறதா என்று பொறுமையோடு பார்க்க வேண்டும்.

எஸ்ரீக்ளெய்மபிள் ஏறுவதற்குச் சிஸ்எஃப்எஸ்தான் பெரும்பாலும் காரணம். ஒவ்வோர் இடைமுகத்தின் அடைவையும் கோப்புகளையும் யூடெவ் முதலியவை திறந்து பார்க்கும்போது டென்ட்ரி, ஐநோட் என்ற பொருள்கள் சேமிப்பில் தங்குகின்றன. இல்லாத பெயரைத் தேடினாலும், அப்பெயர் இல்லை என்ற குறிப்பாக ஒரு டென்ட்ரி தங்கும். விஎம் பிரிவிலுள்ள ட்ராப் கேச்சஸ் கோப்பில் 2 என்று எழுதினால் இவை விடுவிக்கப்படும். எழுதியபின் வரி பழைய நிலைக்கு இறங்கினால் அது கசிவன்று என்பது ருஜுவாகிவிட்டது. ஆனால் இதனைச் சிகிச்சையாக எண்ணி மணிக்கொருமுறை ஓடும்படி அமைத்துவைப்பது தவறான வழி. பயனுள்ள சேமிப்புகளும் சேர்ந்தே அழிந்து இயந்திரம் மந்தமாகுமேயன்றி, உண்மையான கசிவு ஒன்று இருந்தால் அது சிறிதும் குறையாது.

எஸ்அன்ரீக்ளெய்ம் ஏறும்போதுதான் விசாரணை சூடுபிடிக்கிறது. ஒரே அளவுள்ள பொருள்களை ஒரே கூட்டத்தில் வைத்து ஒதுக்கும் ஸ்லாப் முறையை ஜெஃப் பான்விக் என்பவர் சோலாரிஸ் 2.4-க்காக வகுத்து 1994-இல் வெளியிட்டார். லினக்ஸில் இன்று வழங்கும் ஸ்லப் என்ற ஒதுக்கி கிறிஸ்டோஃப் லாமீட்டரால் எழுதப்பட்டு 2007-இல் 2.6.22 பதிப்பில் வந்தது. ஸ்லாப்டாப் என்ற நிரல் எந்தக் கூட்டம் பெருகுகிறது என்பதைக் காட்டும். அங்கே பைட்டுகளைவிடப் பொருள்களின் எண்ணிக்கையைப் பார்ப்பதே உத்தமம். பத்தாயிரம் சுழற்சிகளுக்கு ‘கேமல்லாக்-512’ கூட்டத்தில் ஏறத்தாழப் பத்தாயிரம் பொருள்கள் கூடியிருந்தால், சுழற்சிக்கு ஒன்று வீதம் போகிறது என்பது பிரத்தியட்சம். வீ-ஈத் ஜோடியில் இருபதாயிரம் கூடினால் முனைக்கு ஒன்று. பத்தாயிரமே கூடினால் ஜோடிக்கு ஒன்று, அல்லது ஏதோ ஒரு முனையில் மட்டும். இந்த ஒரு கணக்கு, நிரலைப் படிக்கப் போகிறவருக்கு எத்தனையோ மணி நேரத்தை மிச்சப்படுத்தும். ஒதுக்கப்பட்ட மொத்தம் அதிகமாகவும், பயனில் உள்ளவை குறைவாகவும் இருந்தால் அது துண்டு துண்டாகச் சிதறிய நிலைமையே. சிஸ் அடைவில் அக்கூட்டத்திற்குரிய ‘ஷ்ரிங்க்’ கோப்பில் 1 என்று எழுதிப் பார்க்கலாம்.

ஸ்லப் ஒரே அளவுள்ள பல கூட்டங்களை ஒன்றாக இணைத்துவிடுவதுண்டு. அப்போது ஸ்லாப்டாப்பில் காணும் பெயர் உண்மையான உரிமையாளருடையதாக இராமல் வேறொருவருடையதாக இருக்கலாம். தொடர்பற்ற ஒரு பெயர் ஏறுவதைக் கண்டு தவறான திசையில் அலையாமலிருக்க, ‘ஸ்லாப் நோமெர்ஜ்’ என்ற விருப்பத்தோடு இயந்திரத்தை மறுபடி தொடங்க வேண்டும். ‘ஸ்லப் டிபக்’ விருப்பத்தில் யூ என்ற எழுத்தைச் சேர்த்தால், ஒவ்வொரு பொருளையும் ஒதுக்கிய இடம் பதிவாகி, எந்தச் செயற்கூறு எத்தனை பொருள்களை வாங்கி இன்னும் விடாமல் இருக்கிறது என்ற பட்டியல் கிடைக்கும். 2024-இல் வந்த 6.10 பதிப்பு முதல் கெர்னலைத் தகுந்தபடி கட்டினால் ப்ராக்கில் அலாக்இன்ஃபோ என்ற கோப்பு தோன்றி, மூல நிரலின் ஒவ்வொரு வரியும் தற்போது எத்தனை பைட்டு பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறது. யார் பிடித்திருக்கிறார் என்ற நம் வினாவுக்கு இதைவிட நேரான விடை முன்னர் இருந்ததில்லை. இச்சாதனம் கிடைக்கும் இடத்தில் மற்றவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம்.

கட்டலின் மரினாஸ் எழுதி 2009-இல் 2.6.31 பதிப்பில் சேர்ந்த கேமெம்லீக் இன்னும் ஒரு சாதனம். கெர்னலின் நினைவகத்தை வருடிப் பார்த்து, எந்தச் சுட்டியாலும் சுட்டப்படாமல் அநாதையாகிவிட்ட பொருள்களை, அவற்றை ஒதுக்கிய அழைப்புத் தடத்தோடு அது தெரிவிக்கிறது. தானாகப் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை வருடும். டிபக்எஃப்எஸ்ஸிலுள்ள அதன் கோப்பில் ‘ஸ்கேன்’ என்று எழுதி உடனேயும் வருடச் செய்யலாம். சோதனைக்கு முன் ‘கிளியர்’ என்று எழுதிப் பழைய புகார்களை அகற்றிவிட்டு, சுழற்சியை ஓட்டி, இருமுறை வருடியபின் பட்டியலைப் படிப்பது முறை. ஒருமுறை மட்டும் வருடினால், அந்தக் கணத்தில் கைமாறிக்கொண்டிருந்த பொருள்களும் பொய்யாகப் பட்டியலில் ஏறலாம். இச்சாதனத்தின் எல்லையையும் அறிந்துகொள்ள வேண்டும். ஒரு பட்டியலில் கோக்கப்பட்டு, ஒருவரும் இனித் தேடப்போவதில்லை என்றாலும் சுட்டி மட்டும் இருந்துகொண்டிருக்கும் பொருளை அது கசிவாகக் கருதாது. எனவே கேமெம்லீக் மௌனமாயிருப்பதைக் கொண்டு கெர்னல் நிரபராதி என்று தீர்ப்பளித்துவிடக் கூடாது.

சில சமயங்களில் கெர்னலே வாய் திறந்து பேசும். டிமெசெக்கில், ‘அன்ரிஜிஸ்டர் நெட்டிவைஸ்’ என்று தொடங்கி, இன்ன இடைமுகம் விடுபடுவதற்காகக் காத்திருக்கிறேன், அதன் பிடிப்பு எண்ணிக்கை இவ்வளவு என்று பத்து விநாடிக்கு ஒருமுறை வரும் செய்தி அநேக நிர்வாகிகளுக்குப் பரிச்சயமானதே. சத்திரத்தை இடிப்பதென்று முடிவான பின்னும், உள்ளே தங்கியிருக்கும் கடைசி வழிப்போக்கர் வெளியேறும்வரை இடிக்க முடியாததுபோல, பிடிப்பு எண்ணிக்கை இறங்காத இடைமுகத்தைக் கெர்னல் விடுவிக்க இயலாது. விடுவித்தால், பிடித்திருப்பவர் அடுத்த கணம் வெற்று நினைவகத்தைத் தொட்டு இயந்திரத்தையே வீழ்த்திவிடுவார். இச்செய்தி ஒருமுறையோ இருமுறையோ வந்து நின்றுவிட்டால் அது தாமதம் மாத்திரமே. ஓயாது வந்துகொண்டிருந்தால், எங்கோ ஒரு கெர்னல் பகுதி பிடித்ததை விட மறந்திருக்கிறது. பழைய கெர்னல்களில் நேம்ஸ்பேஸ் கலைக்கும் வேலையே இதனால் ஸ்தம்பித்து, புதிய கன்டெய்னர் ஒன்றையும் தொடங்க முடியாத நிலை ஏற்பட்டதுண்டு.

செய்தியில் ‘எல்ஓ’ என்ற லூப்பேக் இடைமுகத்தின் பெயரைக் கண்டு, அதன்மீதே குறை என்று நினைத்துவிட வேண்டாம். அழியும் இடைமுகத்தைச் சுட்டிக்கொண்டிருந்த வழித்தடப் பதிவுகளைக் கெர்னல் முற்காலத்தில் அதே நேம்ஸ்பேஸின் லூப்பேக்குக்கு மாற்றிவிட்டு வந்தது. ஆகையால் வேறோர் இடைமுகத்தின் பெயரால் நேர்ந்த பிழை லூப்பேக்கின் கணக்கில் வந்து விழுந்தது. 2019-இல் 5.3 பதிப்பு முதல் அத்தகைய பதிவுகள் பிளாக்ஹோல் என்னும் தனி இடைமுகத்திற்கு மாற்றப்படுகின்றன. எண்ணிக்கை என்பது வெறும் எண்ணாக இருந்தவரை, பிடித்தவரின் பெயரை அறிவது மிகவும் கஷ்டமாயிருந்தது. எரிக் டுமாசே கொண்டுவந்து 5.17 பதிப்பில் சேர்ந்த ரெஃப் ட்ராக்கர் ஏற்பாட்டை இயக்கிக் கெர்னலைக் கட்டினால், ஒவ்வொரு பிடிப்பும் எந்த அழைப்புத் தடத்தில் எடுக்கப்பட்டது என்பது நினைவில் வைக்கப்பட்டு, விடப்படாத பிடிப்பின் தடம் அந்த எச்சரிக்கையோடு சேர்ந்தே அச்சாகும். வேகம் குறையுமாதலால் சோதனை இயந்திரத்திற்கே இது உரியது.

கெர்னலுக்கு இவ்வளவு இடம் கொடுத்தபோதிலும், நான் கண்ட அளவில், இப்படிப்பட்ட புகார்களில் மிகுதியானவை பயனர் நிரல்களில்தான் போய் முடிகின்றன. ஆகவே இப்பகுதியை வாசகர் அவசரமின்றிப் படிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். இடைமுகம் ஒவ்வொன்றுக்கும் கெர்னல் ஒரு வரிசை எண்ணை அளிக்கிறது. ‘பிபிபி0’ என்ற பெயர் மறுபடி மறுபடி வரலாம். எண்ணோ ஒவ்வொரு முறையும் முந்தையதைவிட ஒன்று கூடுதலாகவே வரும், 214 கோடியைத் தாண்டிய பின்னரே திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கும். கண்காணிப்பு நிரல்கள் பெயரை நம்பாமல் எண்ணையே திறவுகோலாக வைத்து அட்டவணை அமைக்கின்றன, அது நியாயமானதே. ஆனால் அழிந்த எண்ணுக்குரிய பதிவை அகற்றாவிட்டால், எண்கள் நடைமுறையில் திரும்பி வராத காரணத்தால், அட்டவணை வளர்ந்துகொண்டே போகும். எஸ்என்எம்பி ஏஜென்ட்டுகளில் இத்தொல்லை விசேஷமாகக் காணப்படுவதற்குக் காரணம் உண்டு. ஆர்எஃப்சி 2863 விதிப்படி, நிர்வாக அமைப்பு மறுபடி தொடங்கப்படும்வரை ஓர் இடைமுகத்தின் எண் மாறலாகாது. அதை அனுசரிக்க வேண்டும் என்ற ஜாக்கிரதையில், மறைந்த இடைமுகத்தின் பதிவையும் ஆசிரியர்கள் வைத்துக்கொண்டிருப்பதுண்டு. நிலையான பத்து இடைமுகங்கள் உள்ள ரௌட்டரில் தீங்கற்ற அந்த ஜாக்கிரதை, நாளுக்கு ஐம்பதாயிரம் இடைமுகங்கள் பிறக்கும் வாயிலில் பெருநாசம் விளைவிக்கிறது.

அகற்றும் நிரல் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தும் பதிவுகள் தங்கிப்போவதற்கு இன்னொரு சூட்சுமமான காரணம் உண்டு. நெட்லிங்க் சாக்கெட்டின் பெறும் இடம் வரம்புடையது. இடைமுகங்கள் கூட்டம் கூட்டமாக அழியும்போது செய்திகள் வெள்ளமாய் வந்து, நிரல் அவற்றைப் படிக்கும் வேகம் போதாவிட்டால், இடம் நிரம்பி மேற்கொண்டு வரும் செய்திகள் கைவிடப்படும். நிரலுக்கு ‘ஈநோபஃப்ஸ்’ என்ற பிழை மட்டும் திரும்பும். கைவிடப்பட்டவற்றைக் கெர்னல் மறுபடி அனுப்புவதில்லை. அவற்றுள் அழிவுச் செய்தி இருந்தால், அந்த இடைமுகம் நிரலின் ஏட்டில் சிரஞ்சீவியாகிவிடும். ‘ஈநோபஃப்ஸ்’ கண்டவுடன் இடைமுகங்கள் யாவற்றின் பட்டியலையும் கெர்னலிடம் மறுபடி கேட்டு, தன் ஏட்டோடு ஒப்பிட்டு, இல்லாதவற்றை நீக்குவதே நிரலாசிரியர் செய்ய வேண்டியது. பலர் அப்பிழையைப் பதிவேட்டில் ஒரு வரியாக எழுதிவிட்டு மேலே போய்விடுகிறார்கள். நிர்வாகி இதை வெளியிலிருந்தே சரிபார்க்கலாம்: ப்ராக்கின் நெட் பிரிவிலுள்ள நெட்லிங்க் கோப்பில் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் ‘ட்ராப்ஸ்’ என்ற பத்தி இருக்கிறது. சந்தேகத்துக்குரிய நிரலின் வரியில் அந்த எண் ஏறுவதும், அதே சமயம் அந்நிரலின் நினைவகம் ஏறுவதும் இணைந்து நடந்தால், காரணம் கைக்கு வந்துவிட்டது. பெறும் இடத்தைப் பெரிதாக்குவது அபாயத்தைக் குறைக்கும், நீக்கிவிடாது.

இவ்விடத்தில் வால்கிரிண்டை நம்பி ஏமாறுவோர் உண்டு. நிரலை அதன்கீழ் ஓட்டி, நிச்சயமாகத் தொலைந்தது சுழியம் என்று அறிக்கை வந்ததும் நிரல் சுத்தம் என்று மகிழ்கிறார்கள். வளரும் அட்டவணையிலுள்ள பதிவுகள் யாவும் எட்டக்கூடியனவே என்பதால், அவை ‘ஸ்டில் ரீச்சபிள்’ என்ற தலைப்பின்கீழ்தான் வரும். அந்த எண்ணையே சுழற்சிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும். காலப்போக்கில் வளர்ச்சியைக் காட்டும் மாஸிஃப் என்ற துணைக்கருவி இதற்கு இன்னும் ஏற்றது. மறுபுறம், அட்டவணை சரியாகச் சுருங்கியும் நிரலின் நினைவகம் இறங்காதிருக்கலாம். ஜிலிப்சியின் மல்லாக் விடுவிக்கப்பட்ட சிறு துண்டுகளை உடனே கெர்னலிடம் திருப்பித் தராமல் மறுபயனுக்கு வைத்துக்கொள்கிறது. பல த்ரெட்கள் உள்ள நிரலில் அரீனாக்கள் பல உண்டாகி இது இன்னும் கூடும். ‘மல்லாக் அரீனா மேக்ஸ்’ என்ற சூழல் மாறியைச் சிறிய எண்ணாக வைத்துச் சோதனையைத் திரும்ப ஓட்டினால், பிடிவாதமான சேமிப்பையும் மெய்யான கசிவையும் பிரித்தறியலாம்.

டன் இடைமுகங்களைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. நிலைத்திருக்கும்படி கட்டளையிடாத டன் இடைமுகம், அதனைத் திறந்த கோப்பு விவரணி மூடப்பட்டதும் தானே மறைகிறது. மூட மறந்தாலோ, அந்த விவரணி குழந்தை புரோசஸ் ஒன்றுக்குப் பரம்பரையாகச் சென்றுவிட்டாலோ, இடைமுகம் மறையாது. நேம்ஸ்பேஸும் அப்படித்தான்: பெயர் நீக்கப்பட்டாலும், அதைத் திறந்து வைத்திருக்கும் ஒரு புரோசஸ் இருக்கும்வரை உள்ளேயுள்ள அனைத்தும் உயிரோடிருக்கும். ‘எல்எஸ்என்எஸ்’ கட்டளையும், புரோசஸின் எஃப்டி அடைவும் இவற்றைக் காட்டும்.

டிரைவர் எழுதுவோருக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம். பதிவு வெற்றியடையும் பாதையை எல்லோரும் சோதிக்கிறார்கள். தொடக்கச் செயற்கூறு ஓடி முடிந்தபின் பதிவு தோல்வியுறும் பாதையை ஒருவரும் சோதிப்பதில்லை. அப்பாதையில் யார் எதை விடுவிப்பது என்பதில் இருந்த குழப்பத்தைத் தீர்க்கவே, 2017-இல் 4.12 பதிப்பில் டேவிட் மில்லர் பழைய டிஸ்ட்ரக்டரை இரண்டாகப் பிரித்து, சொந்தப் பகுதியைக் கலைப்பதையும் இடைமுகத்தையே விடுவிப்பதையும் வெவ்வேறாக்கினார். கெர்னலின் மூல நிரல் மரத்துக்கு வெளியே பராமரிக்கப்படும் பழைய டிரைவர் ஒன்றைப் பயன்படுத்துவோர், அது இம்மாற்றத்தைச் சரியாக உள்வாங்கியிருக்கிறதா என்று பார்ப்பது நலம். ஏற்கெனவே உள்ள பெயரிலேயே மறுபடி படைக்கச் சொல்லித் தோல்வியை வேண்டுமென்றே வரவழைக்கும் சுழற்சி ஒன்றும் சோதனையில் இடம்பெற வேண்டும்.

காரணம் அகப்பட்டபின் நிவாரணம் பெரும்பாலும் எளிது. அதே தொடரின் புதிய ஸ்டேபிள் பதிப்பில் திருத்தம் ஏற்கெனவே வந்திருப்பது அடிக்கடி காணப்படுவதால், முதலில் அதனை அதே சுழற்சியால் சோதிக்க வேண்டும். திருத்தம் வரும்வரை, கசியும் பின்னணி நிரலுக்குச் சிஸ்டம்டி மூலம் நினைவக வரம்பு விதித்து, வரம்பை எட்டியதும் அது மட்டும் மறுபடி தொடங்கும்படி செய்தால் டேட்டாபேஸ் பிழைக்கும். கெர்னல் கசிவாயின், இடைமுகங்களை அழிக்காமல் முகவரியை அகற்றிக் கீழிறக்கிச் சேமத்தில் வைத்து, அடுத்த தேவைக்கு எடுத்தளிப்பதே உறுதியான இடைக்கால வழி. அழித்தே தீர வேண்டுமானால், அவற்றை ஒரு குழு எண்ணில் சேர்த்து ‘ஐபி லிங்க் டெல் குரூப்’ என்று ஒரே கட்டளையால் நீக்குவது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஆர்சியு காத்திருப்பைத் தவிர்த்துத் தேக்கத்தைப் போக்கும்.

திருத்தத்தை வேண்டிப் பராமரிப்பாளருக்கு எழுதும்போது, கெர்னலின் முழுப் பதிப்பு எண், சுழற்சியின் கட்டளைக் கோப்பு, சுழற்சிக்கு இத்தனை பொருள் என்ற சாய்வு, எதை மாற்றியபோது கசிவு நின்றது, ஒதுக்கிய இடத்தின் அழைப்புத் தடம் ஆகியவற்றை அனுப்பினால், அவர் தம் மேசையிலேயே அதை மறுபடி உண்டாக்கிப் பார்க்க முடியும். திருத்தம் கிடைத்ததும், கசிவைக் கண்டுபிடித்த அதே இயந்திரத்தில், அதே கோப்பைக் குறைந்தது இருமடங்கு சுழற்சிகளுக்கு ஓட்டி, எஸ்அன்ரீக்ளெய்ம், பெர்சிபியு, சம்பந்தப்பட்ட நிரலின் நினைவகம் ஆகிய மூன்று வரிகளும் சமதளமாக நிற்பதைப் பார்த்த பின்னரே உற்பத்தி இயந்திரத்தில் ஏற்ற வேண்டும்; ஒரு பெரிய கசிவு அடைபட்டதும், அதன் நிழலில் மறைந்திருந்த சிறிய கசிவு ஒன்று அந்தச் சோதனையில்தான் முதன்முறையாகத் தெரியவரும்.